எந்த நாம்பனின் கன்று? பால்மாட்டில் இரத்தம் நெருங்காமல் பார்த்துக்கொள்ளும் முறை

யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பால்மாடு வாங்குபவர் முதலில் கேட்பது, "எத்தனை லீற்றர் கறக்கும்?" என்பதைத்தான். "இதின்ர தகப்பன் எது?" என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் விற்பவருக்குத் தெரியாது. மாடு நன்றாகக் கறக்கும், கன்றும் போடும், முதல் இரண்டு மூன்று வருடம் குறை எதுவும் தெரியாது. அந்தக் கன்று நாகாகிச் சினைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதற்குப் போடும் சினை ஊசி (நாம்பனின், அதாவது காளையின், விந்தைச் செலுத்தும் செயற்கைமுறைச் சினைப்படுத்தல்) அதன் தகப்பனுடையதாகவே இருந்துவிடலாம். சொந்தத்துக்குள்ளேயே இப்படிச் சேர்வதைத்தான் இரத்தம் நெருங்குதல் என்கிறோம். அப்படி நடந்தால் வீட்டுக்காரருக்கும் தெரியாது, ஊசி போட வருபவருக்கும் தெரியாது.

இதைத் தடுக்கப் பெரிய படிப்போ காசோ வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பேனை, ஊசி போடும் நேரத்தில் இரண்டு நிமிடம், இவ்வளவும் போதும்.

ஏன் நாம்பன் பக்கம் பார்க்கவேண்டும்

ஒரு பசு தன் ஆயுளில் ஐந்தாறு கன்று போட்டால் நல்ல பசு. ஒரு நாம்பனிடம் ஒரே தடவை எடுக்கும் விந்தை ஐதாக்கி குச்சி எனப்படும் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களில் அடைத்துவிடலாம். ஊரில் எத்தனை பசு நின்றாலும் இரத்தம் ஒடுங்குவது தகப்பன் பக்கத்தில்தான்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். நாம்பன்களின் எண்ணிக்கையைப் பசுக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4 ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் பிரிக்கவேண்டும். 200 பசுவுக்கு ஒரே ஒரு நாம்பன் என்றால் 800 ÷ 201, அதாவது ஏறத்தாழ 4. பரம்பரை வழியில் பார்த்தால் அந்த 200 மாடும் வெறும் நான்கு மாட்டுக்குச் சமம். பசுக்களை 2000 ஆக்கினாலும் விடை 4 தான். அதே 200 பசுவுக்கு 4 நாம்பன் இருந்தால் விடை கிட்டத்தட்ட 16, 10 நாம்பன் இருந்தால் 38. ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் ஓர் இனத்துக்கு இந்த எண் 50க்குக் கீழே போகக்கூடாது என்கிறது. 1ஐ இந்த எண்ணின் இரு மடங்கால் பிரித்தால் ஒரு தலைமுறையில் இரத்தம் எவ்வளவு நெருங்கும் என்பது வரும். ஒரு நாம்பன் என்றால் 12.5 வீதம், 10 நாம்பன் என்றால் 1.3 வீதம்.

உலகத்திலேயே அதிகம் பரவிய பால் இனமான ஹோல்ஸ்டீன் பிரீசியனுக்கு நடந்ததும் இதுதான். அமெரிக்காவில் மட்டும் பல இலட்சம் ஹோல்ஸ்டீன் பசுக்கள் இருக்கின்றன. ஆனால் மேற்சொன்ன எண் அந்த இனத்துக்கு நூறைக்கூட எட்டவில்லை. 1962இல் பிறந்த ஆர்லிண்டா சீஃப், 1965இல் பிறந்த எலிவேஷன் என்ற இரண்டு நாம்பன்களின் ஆண் வழியில்தான் அங்கு ஊசிக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் நாம்பன்கள் அநேகமாக எல்லாமே வந்திருக்கின்றன. சீஃபுக்கு மட்டும் சுமார் 16,000 மகள்கள், 5 இலட்சம் பேத்திகள். பால் அள்ளிக் கொடுத்த வம்சம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாம்பனின் உடலில் பழுதான ஒரு மரபணுவும் இருந்தது. தாய், தகப்பன் இரு பக்கத்திலிருந்தும் அது வந்து சேர்ந்தால் கன்று வயிற்றிலேயே அழிந்துவிடும். பழுது எந்த மரபணுவில் என்று 2016இல் கண்டுபிடித்தபோது, அதனால் உலகம் முழுவதும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட சினைகள் கலைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஜேர்சியிலும் இதேபோல ஒன்று உண்டு. அது 1962இல் பிறந்த சொக்கலேட் சோல்ஜர் என்ற நாம்பனின் வழியில் பரவியது.

இப்படியான மரபணுவைக் காவும் நாம்பன் கெட்ட நாம்பன் அல்ல. ஒவ்வொரு மாட்டிலும் ஏதாவது ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். தூரத்து இரத்தத்தோடு சேர்ந்தால் அது வெளியே வராது. சொந்தத்துக்குள் சேரும்போதுதான் வெளிப்படும். காவி நாம்பனின் மகள்களில் பாதிப் பேருக்கு அது போயிருக்கும். அந்த மகள்களுக்கே அதே நாம்பனின் ஊசியைப் போட்டால் எட்டுக் கருவில் ஒன்று அழியும்.

முதற்படி: கொப்பி

ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே மாட்டின் பெயர், காதில் போட்ட இலக்கம், நிறம், பிறந்த திகதி. அதற்குக் கீழே தாய், தகப்பன், தாயின் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று நான்கு வரி. வாங்கிய மாடு என்றால் இந்த நான்கும் வெறுமையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. வெறுமையான இடத்தில் ஊகத்தை எழுதாதீர்கள், "தெரியாது" என்றே எழுதுங்கள். பிழையான தகப்பன் பெயர் வெறும் வரியைவிட ஆபத்தானது. அதை நம்பித்தான் அடுத்த ஊசி போடப்படும்.

தரகர் மூலம் வாங்கிய மாடாக இருந்தால் ஒரு வழி உண்டு. மாடு எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன வயது என்று மட்டும் கேட்டு வையுங்கள். அந்த ஊருக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஊசி போட்ட பதிவுகள் இருக்கும். மாடு பிறந்த காலத்துக்கு ஒன்பது மாதம் முன்பு அங்கே எந்த எந்த நாம்பன்களின் விந்து பாவித்தார்கள் என்று பார்த்தால் சந்தேகப் பட்டியல் இரண்டு மூன்று இலக்கமாகச் சுருங்கும். அந்த இலக்கங்களை விட்டுவிட்டு வேறு நாம்பனைப் போட்டால் போதும்.

இரண்டாம் படி: குச்சியை வாசியுங்கள்

உறைவிந்துக் குச்சி என்பது கால் மில்லிலீற்றர் விந்து அடைத்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய். மைனஸ் 196 பாகையில் திரவ நைதரசனுக்குள் கிடக்கும். வெளியே எடுத்து, 35 முதல் 37 பாகைச் சூட்டு நீரில் அரை நிமிடம் வைத்து உருக்கி, கால் மணித்தியாலத்துக்குள் மாட்டுக்குள் செலுத்தவேண்டும். அந்தக் குழாயின் மேல் பொடி எழுத்தில் நாம்பனின் இலக்கமோ பெயரோ, இனம், விந்து எடுத்த திகதி, நிலையத்தின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். குண்டசாலையிலுள்ள மத்திய செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையத்திலிருந்து வந்தாலும் வெளிநாட்டிலிருந்து இறக்கினாலும் நாம்பனை அடையாளம் காட்டுவது இந்த ஒரு வரிதான்.

வேலை முடிந்ததும் வெறும் குச்சி உறையோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். ஆகவே முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "ஐயா, முடிஞ்ச உடன அந்தக் குச்சியை எனக்குத் தாங்கோ." யாரும் மறுக்கமாட்டார்கள். துடைத்து, அதே பக்கத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். ஈரத்தில் மை அழியும், கொட்டிலுக்குள் கொப்பி வைத்தால் எலி அரிக்கும். ஆதலால் ஒட்டும் முன்பே இலக்கத்தைக் கையால் எழுதி, கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். எழுத்து மிகச் சிறியது. 3, 8 இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதுவது நல்லது.

நாம்பனின் தகப்பன் யார் என்பது குச்சியில் இராது. அதை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிழை நுழைகிறது. இலக்கம் வேறு வேறாக இருந்தாலும் இரண்டு நாம்பனும் ஒரே தகப்பனின் பிள்ளைகளாக இருக்கலாம். இலக்கம் மாறிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவரின் மாட்டில் இரத்தம் நெருங்கிக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டு ஹோல்ஸ்டீன் விந்து என்றால் நாம்பனின் விவரத்தாளில் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்துக் குறிகள் இருக்கும். பீஎல் (BL), சீவீ (CV) என்பவை பரம்பரை நோயைக் காவும் நாம்பனுக்கு உரியவை. டீஎல் (TL), டீவீ (TV) என்பவை சோதித்து, அந்த நோய்கள் இல்லை என்று கண்டதற்கு உரியவை. காவி நாம்பனைப் பாவிக்கலாம், ஆனால் அதன் மகள்களின் பக்கத்தில் அந்தக் குறியைச் சிவப்பால் எழுதி வைக்கவேண்டும்.

மூன்றாம் படி: உறவைக் கணக்கிடுதல்

போடப்போகும் நாம்பனுக்கும் உங்கள் மாட்டுக்கும் பொதுவான மூதாதை யார் என்று பாருங்கள். நாம்பனிலிருந்து அந்த மூதாதைவரை எத்தனை படி, மாட்டிலிருந்து எத்தனை படி என்று எண்ணிக் கூட்டி, அதோடு ஒன்றையும் சேருங்கள். வரும் எண்ணிக்கைத் தடவை 100ஐப் பாதியாக்கினால் விடை.

தகப்பனும் மகளும்: நாம்பனே மூதாதை, ஆகவே 0. மகளிலிருந்து 1. ஒன்றைச் சேர்த்தால் 2. 100ஐ இரு தடவை பாதியாக்கினால் 25 வீதம். பேத்திக்குப் போட்டால் 12.5. தகப்பன் ஒன்று, தாய் வேறான சகோதரங்களுக்கும் 12.5. பேத்தியின் மகளுக்குப் போட்டால் 6.25. மாட்டின் தகப்பனும் போடப்போகும் நாம்பனும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்றால் அதுவும் 6.25. ஒரு பக்கத்துப் பாட்டன் மட்டும் பொது என்றால் 3 வீதத்துக்குச் சற்று மேல். பொது மூதாதை இரண்டு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டவேண்டும்.

6.25 வீதத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், அதை எட்டும் சேர்க்கை வேண்டாம். 3 வீதத்துக்காக ஒரு பருவத்தைத் தவறவிடத் தேவையில்லை. 12.5, 25 என்றால் பருவம் போனாலும் போகட்டும், போடாதீர்கள். 21 நாள் பிந்துவதால் வரும் நட்டம் ஒரு தடவையோடு முடியும். மெலிந்து பிறந்து, பிந்திச் சினைக்கு வந்து, குறைவாகக் கறக்கும் நாகோ ஏழெட்டு வருடம் உங்கள் கொட்டிலில் தின்றுகொண்டு நிற்கும்.

நான்காம் படி: எந்த இனம், எவ்வளவு

சொந்தத்துக்குள் சேராமல் தப்ப இலகுவான வழி இனத்தை மாற்றுவது. ஜேர்சிக்கும், வெப்பநாட்டுப் பால் இனமான சாகிவாலுக்கும் பொது மூதாதையைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இனத்தை மாற்றும்போது வெளிநாட்டு இரத்தம் (ஜேர்சி, பிரீசியன் போன்ற குளிர்நாட்டு இனங்களின் பங்கு) எத்தனை வீதம் என்ற கணக்கும் கூடவே வரவேண்டும். கணக்கு எளியது: தாயின் வீதத்தையும் தகப்பனின் வீதத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள்.

50 வீத ஜேர்சிக் கலப்புப் பசுவுக்குத் தூய ஜேர்சி போட்டால் நாகு 75. அந்த நாகுக்கும் ஜேர்சியே போட்டால் 87.5. தலைமுறைக்குத் தலைமுறை பால் கூடும் என்று நினைத்து இப்படி ஏற்றிக்கொண்டு போவது யாழ்ப்பாணத்தில் வழக்கமாகிவிட்டது. சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கொட்டிலில், வைக்கோலும் கொஞ்சம் புண்ணாக்கும் தின்னும் மாட்டுக்கு அவ்வளவு வெளிநாட்டு இரத்தம் கூடாது. மூச்சிரைக்கும், தீனி குறையும், பருவம் வெளியே தெரியாமலே போகும், உண்ணி தொற்றும். உயர்ந்த கூரை, மின்விசிறி, நாள் முழுவதும் தண்ணீர், வெட்டிப்போடப் போதுமான பசும்புல் எல்லாம் இருப்பவர்கள் 75 வரை போகலாம். மற்றவர்கள் 50க்கும் 62.5க்கும் இடையில் நிறுத்திக்கொள்வதே நல்லது.

அளவுக்கு மீறி ஏறாமல் நிறுத்த இரண்டு வழி. ஒன்று, ஜேர்சியும் சாகிவாலுமாக மாறி மாறிப் போடுவது. 50 வீதப் பசுவுக்குச் சாகிவால் போட்டால் 25, அதற்கு ஜேர்சி போட்டால் 62.5, அதற்குச் சாகிவால் போட்டால் 31 சொச்சம். போகப்போக மூன்றில் ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் ஊசலாடி நிற்கும். முதல் கலப்பில் கிடைக்கும் கூடுதல் வீரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் கையில் இருக்கும், இரத்தமும் நெருங்காது. குறை என்னவென்றால் சாகிவால் முறையில் பிறந்த நாகுகள் சற்றுக் குறைவாகக் கறக்கும், சில மாடுகள் கன்றை விடாமல் பால் சுரக்காது. மற்ற வழி, ஏஎப்எஸ் எனப்படும் அவுஸ்திரேலிய பிரீசியன் சாகிவால் நாம்பனைப் பாவிப்பது. அது பாதி பிரீசியன், பாதி சாகிவால். 50 வீதப் பசுவுக்குப் போட்டால் 50 ஆகவே நிற்கும். இரண்டு பக்கமும் கலப்பு என்பதால் கூடுதல் வீரியம் கொஞ்சம் இறங்கும், பால் இடைநடுவில் நிற்கும். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவருக்கு இரண்டாவது வழி வசதி. நான்கைந்து வைத்திருப்பவருக்கு முதலாவதே மேல்.

நாட்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாப் பசுவுக்கும் ஜேர்சி போட்டுவிடாதீர்கள், ஒன்றிரண்டையாவது நல்ல நாட்டு நாம்பனோடு சேருங்கள். வரட்சியையும் உண்ணியையும் தாங்கும் இரத்தம் அதற்குள்தான் இருக்கிறது. நாட்டு மாடு ஊரிலிருந்து போய்விட்டால் அடுத்த தலைமுறைக் கலப்புக்கு அடித்தாய் இராது.

ஊசி போடும் நாளில்

பருவம் 18 முதல் 24 நாளுக்கு ஒருமுறை வரும். வெயில் காலத்தில் அறிகுறி இரவில்தான் அதிகம், ஆகவே விடிய ஐந்து மணிக்கும் இரவு படுக்கப்போகும் முன்பும் கொட்டிலைப் பாருங்கள். கத்துதல், வாலைத் தூக்குதல், கண்ணாடிபோல் தொங்கும் சளி, மற்ற மாடு ஏற அசையாமல் நிற்றல். இவற்றில் கடைசியே நம்பத்தக்க அறிகுறி. காலையில் கண்டால் பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை ஊசி.

அழைக்கும்போதே சொல்லுங்கள்: "என்ர மாட்டின்ர தகப்பன் இந்த இலக்கம், அது வேண்டாம். வேற என்ன கிடக்குது?" மாட்டடியில் வந்து நின்றபின் கேட்டால் குச்சிகள் வைக்கும் நைதரசன் சாடியில் கொண்டுவந்ததைத்தான் போடமுடியும். சாடியில் அந்த ஒரு ஜேர்சியே இருக்கிறது என்றால் இனத்தை மாற்றிக் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் திகதியைக் குறித்துவிட்டு அடுத்த பருவத்துக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஊரில் எல்லோரும் "அந்த இலக்கத்துக் கன்றுதான் வடிவு" என்று ஒரே நாம்பனைக் கேட்பதும் உண்டு. அப்படிக் கேட்டால் மூன்று வருடத்தில் ஊரிலுள்ள நாகுகள் எல்லாம் அக்கா தங்கைகளாகிவிடும்.

பெண்கன்று மட்டும் தரும்படி பிரித்த விந்தில் பத்துக்கு ஒன்பது நாகு கிடைக்கும். சினைப்பிடிப்பு சாதாரண விந்தைவிடக் குறைவு, விலையும் கூட. அந்த வகையில் கிடைக்கும் நாம்பன்கள் சிலதான் என்பதால் உறவுக் கணக்கை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

முதல் ஊசி பிடிக்காமல் 21 நாளில் வேறு நாம்பனின் ஊசி போட்டால் இரண்டையும் எழுதுங்கள். கன்று யாருடையது என்பதைக் கன்று போடும் நாள் சொல்லும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், சாகிவால் இரத்தம் கூடினால் இன்னும் சில நாள் நீளும். முதல் ஊசியிலிருந்து 300 நாளில் கன்று வந்தால் அது இரண்டாவது ஊசியின் கன்று. இடையில் மேய்ச்சலில் கட்டிய மாட்டில் தெரு நாம்பன் ஏறியிருந்தால், தகப்பன் "தெரியாது".

ஊர் நாம்பன் வைத்திருந்தால்

தீவகம் போல ஊசிக்கு ஆள் வருவது சிரமமான இடங்களில் நாம்பன் தேவைதான். ஆனால் ஒரே பட்டியில் எவ்வளவு காலம் விடலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இன்று சேர்ந்தால் ஒன்பது மாதத்தில் கன்று. நன்றாகத் தின்னும் ஜேர்சிக் கலப்பு நாகு ஒரு வயதிலேயே பருவம் காட்டும். இரண்டையும் கூட்டினால் 21 மாதம். அதற்குள் நாம்பன் இடம் மாறிவிடவேண்டும், இல்லாவிட்டால் அது தன் மகளையே சேரும். புங்குடுதீவு நாம்பனைத் தென்மராட்சிக்கும், தென்மராட்சி நாம்பனை வடமராட்சிக்கும் என்று கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். நான்கு ஊர் சேர்ந்தால் விலைக்கு வாங்காமலே ஏழு வருடம் ஓட்டலாம்.

மாற்றும் முன் புருசெல்லா நோய்க்கு இரத்தம் சோதிப்பது கட்டாயம். இரத்தத்தை விரிக்கப்போய் நோயை ஊரூராகப் பரப்பிவிடக்கூடாது. விதைகள் இரண்டும் ஒரே அளவாக, தொட்டால் இறுக்கமாக இருக்கவேண்டும். விதைப்பையின் சுற்றளவு வயதுக்கேற்ற அளவுக்குக் குறையக்கூடாது. ஒன்றுக்கு 40 பசுவுக்கு மேல் விடாதீர்கள்.

சொந்தக் கொட்டிலில் பிறந்த நாம்பன் கன்றை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. எட்டு, ஒன்பது மாதத்திலேயே அதற்குச் சினையாக்கும் சக்தி வந்துவிடும். விளையாட்டாக ஏறுகிறது என்று விட்டால் தாயும் சகோதரியும் சினையாகும். ஆறு மாதத்துக்குள் நலமடிக்கவேண்டும், இல்லையேல் வேறாகக் கட்டவேண்டும்.

சந்தேகப்படவேண்டிய அறிகுறிகள்

21 நாளில் சரியாகத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் ஊசி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நேரமும் வெயிலும் பார்க்கவேண்டியவை. 35, 45 நாள் என்று கணக்குத் தப்பி வந்தாலோ, 60 நாள் சோதனையில் சினை என்று சொன்ன மாடு பிறகு வெறுமையாக இருந்தாலோ, உள்ளே கரு பிடித்து அழிந்திருக்கலாம். தொற்று நோய்களும் இதைச் செய்யும் என்பதால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தபின் கொப்பியைத் திறந்து உறவைப் பாருங்கள்.

குறை உடம்போடு, வளைந்த காலோடு, முலை ஊம்பத் தெம்பில்லாமல் கன்று பிறந்தால், ஒரு கன்றை வைத்து நாம்பனைக் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் இலக்கத்தோடு கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதியுங்கள். கோப்பாயில் ஒன்று, காரைநகரில் ஒன்று, சாவகச்சேரியில் ஒன்று என்று அதே இலக்கம் மூன்று இடத்தில் வந்தால்தான் அந்த நாம்பனின் குச்சிகளைச் சாடியிலிருந்து எடுப்பதா என்று அவர்கள் முடிவெடுக்கமுடியும். கன்றைப் புதைக்கும் முன் படம் எடுத்து, அதையும் குச்சி ஒட்டிய பக்கத்திலேயே சேர்த்துவையுங்கள்.